கீழ் வீட்டு ஹரீரா: ஒரு நோன்பு மாதமும் கொஞ்சம் சரித்திரமும்



அமெரிக்கா போய்விட்டு வந்தீர்களே டீச்சர், நயாகரா படம் ஒன்றுகூடப் போடவில்லையே என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். நயாகராவை நான் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காகப் போனேன். வெளியே எலும்பைக் குத்தும் குளிர். பேரனைக் குளிப்பாட்டவும் மகளுக்குப் பத்தியச் சமையல் செய்யவுமே நேரம் சரியாக இருந்தது. மிச்ச நேரத்தில் நான் பார்த்தது ஒரு சமையலறையை. அதுவும் எங்கள் வீட்டுச் சமையலறை இல்லை. கீழ் வீட்டுச் சமையலறை.

பதிவு நீளம்தான். முக்கால் மணி நேர வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகள் குடியிருப்பது பாஸ்டனுக்கு வடக்கே ரெவியர் என்ற கடற்கரை ஊரில். அந்தக் கடற்கரை அமெரிக்காவின் முதல் பொதுக் கடற்கரை, 1896-ல் திறந்தது. அந்தப் பக்கம் வீடுகள் பெரும்பாலும் மரத்தால் கட்டிய மூன்று மாடி வீடுகள், மாடிக்கு ஒரு குடும்பம். நாங்கள் நடு மாடி. கீழே ஒரு மொராக்கோ குடும்பம். அந்த ஊரில் மொராக்கோக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. கணவருக்கு விமான நிலையத்தில் வேலை. அந்தம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பதின்மூன்று வயதில் ஒரு பையன், எட்டு வயதில் ஒரு பெண். முதல் நாளே அந்தச் சின்னப் பெண் என்னைக் ‘கால்தி’ என்று கூப்பிட்டாள். அப்படியென்றால் அம்மாவின் அக்கா தங்கை, அதாவது நம் பெரியம்மா, சித்தி. வயதில் மூத்த பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் ஏன் போகமாட்டேன்?

மார்ச் முதல் தேதி விடிகாலை நான்கு மணிக்குக் கீழே பாத்திரச் சத்தம் கேட்டது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் விழித்துத்தானே இருப்போம். மகள் சொன்னாள்: “நோன்பு ஆரம்பிச்சிருச்சும்மா. இனி ஒரு மாசம் அவங்களும் நம்மளும் சேர்ந்துதான் முழிச்சிருப்போம்.”

அன்று மாலை அந்தம்மாவிடம் வாழ்த்துச் சொல்லப் போனபோதுதான் முதல் பாடம் கிடைத்தது. வட அமெரிக்காவில் ஒரு பெரிய அறிஞர் குழு வானியல் கணக்கை வைத்து, பிறை எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அதன்படி மார்ச் 1, சனிக்கிழமை நோன்பு. மொராக்கோவில் கணக்கு மட்டும் போதாது, கண்ணால் பிறையைப் பார்க்க வேண்டும். நாடு முழுக்க ஆட்கள் பார்த்துச் சொல்ல, அரசாங்க அமைச்சகம் அறிவிக்கும். அங்கே மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. ரபாத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் சலே என்று ஒரு பழைய ஊர், அங்கேதான் அந்தம்மாவின் தாயார் இருக்கிறார். மகள் நோன்பு பிடித்த அன்று தாய் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதம் முழுக்க அம்மாவும் மகளும் ஒரு நாள் தள்ளித் தள்ளியே நடந்தார்கள்.

“எப்போதுமே இந்தக் குழப்பம்தான் கால்தி. மொராக்கோவின் பிறையா, இந்த ஊர் மசூதியின் பிறையா? கல்யாணமான புதிதில் நான் எங்கள் அம்மாவின் பிறை, அவர் இந்த ஊர்ப் பிறை. ஒரே வீட்டில் இரண்டு நோன்பு! பிள்ளைகள் பிறந்த பிறகுதான் இந்த ஊருக்கு மாறினேன். பிள்ளைகளின் நண்பர்கள் பெருநாள் கொண்டாடும் அன்று அவர்கள் பட்டினி கிடக்க முடியுமா?”

பிறை மட்டும் இல்லை, கடிகாரமும் இரண்டு. மொராக்கோ 2018 முதல் ஆண்டு முழுக்க கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது. நோன்பு மாதத்தில் மட்டும் அந்த ஒரு மணியைக் கழற்றிவிட்டுப் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது. அதனால் பாஸ்டனுக்கும் சலேவுக்கும் குளிர்காலத்தில் ஆறு மணி வித்தியாசம், நோன்பு வந்ததும் ஐந்து. பிறகு மார்ச் 9 அன்று அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது, வித்தியாசம் நான்கு. ஒரே மாதத்துக்குள் இத்தனை மாற்றம். (ஏழாம் வகுப்பில் தீர்க்கரேகைக் கணக்குக்கு என்னிடம் குட்டு வாங்கியவர்களே, இப்போது போட்டுப் பாருங்கள்.) முதல் வாரம் ஐந்தரைக்கு விழுந்த சூரியன், 9-ஆம் தேதியிலிருந்து ஆறே முக்காலுக்குத்தான் விழுந்தது. ஆனால் அந்தம்மாவின் வேலை நேரம் மாறவில்லை, அதனால் சமைக்க ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. “அல்லாஹ் கொடுத்தது பாதி, அமெரிக்க அரசாங்கம் கொடுத்தது பாதி” என்று சிரித்தார்.

இனி சமையல். நோன்பு திறக்கும் சாப்பாட்டை அவர்கள் ‘ஃப்தூர்’ என்கிறார்கள். அதற்கு நேர்ப்பொருள் காலைப் பலகாரம். அந்தியில் சாப்பிடும் காலைப் பலகாரம்! அதில் தலையானது ஹரீரா என்ற சூப். மொராக்கோ வீட்டில் ஹரீரா இல்லாமல் நோன்பு இல்லை என்பார்கள். முதல் நாள் ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகத் தோலை உரிக்கிறார்கள். ஒவ்வொன்றாக! நான் உதவிக்கு உட்கார்ந்தேன், அரை மணியில் கட்டைவிரல் வலித்தது. பிறகு கொஞ்சம் ஆட்டுக்கறி, வெங்காயம், முழு மைசூர்ப் பருப்பு, அரைத்த தக்காளி, செலரித் தண்டு, கைநிறையக் கொத்தமல்லித்தழை, பார்ஸ்லி, இஞ்சிப்பொடி, மிளகு, மஞ்சள். எல்லாம் வெந்த பிறகு மைதாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். அப்போது ஒருவர் கரண்டியை நிறுத்தாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிதட்டிவிடும். கேப்பைக்கூழ் கிண்டிய கை எனக்கு. அந்த வேலை மாதம் முழுக்க என்னுடையதாயிற்று. கடைசியில் கொஞ்சம் சேமியா. குடிக்கும்போது எலுமிச்சை.

கிண்டும்போது ஒன்று தோன்றியது. இந்தச் சூப்பின் நிறமும் புளிப்பும் தக்காளியால் வந்தவை. தக்காளி மொராக்கோச் செடியா? இல்லை. நம் ஊர்ச் செடியும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸுக்குப் பிறகு ஸ்பானியர்கள் கடல் கடந்து கொண்டுபோய் அது உலகமெல்லாம் பரவியது. ஆக, அதற்கு முன் மொராக்கோவில் எந்தப் பாட்டி ஹரீரா காய்ச்சியிருந்தாலும் அது சிவப்பாக இருந்திருக்க முடியாது. சலே ஊர்ப் பாட்டியின் கைப்பக்குவம் என்று அந்தம்மா பாஸ்டனில் காய்ச்சுகிற சூப்பில், தக்காளி தன் பிறந்த கண்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியானால் எங்கள் அம்மா இதற்கு முன் என்ன போட்டிருப்பார்?” நல்ல மாணவி கேட்கிற கேள்வி.

தேநீரும் அப்படித்தான். புதினாத் தேநீர் இல்லாமல் மொராக்கோ இல்லை என்கிறோம். அந்தப் பச்சைத் தேயிலை சீனாவிலிருந்து வருவது. 1850-களில் கிரிமியப் போர் வந்தபோது, வழக்கமான சந்தைக்குப் போக முடியாத தேயிலையை ஆங்கில வணிகர்கள் தாஞ்சியர், மொகதோர் துறைமுகங்களில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன் பிறகுதான் அது ஏழைவீடு வரைக்கும் போனது. பரம்பரை வழக்கம் என்று நாம் அடித்துச் சொல்கிற பாதி விஷயங்களுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டாது. நம் ஊர்க் காப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷெபாகியா என்று ஓர் இனிப்பு. எள்ளும் பாதாமும் பட்டையும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சின்னச் சக்கரத்தால் நாடாநாடாக வெட்டி, விரலில் கோத்துப் பூப்போல மடித்து, எண்ணெயில் பொரித்து, சூடாகத் தேனில் போட்டு, மேலே எள் தூவுவார்கள். செல்லூ என்று இன்னொன்று. வறுத்த மாவு, வறுத்த எள், பாதாம், தேன், வெண்ணெய் சேர்த்தது. நம் சத்துமாவு உருண்டைக்குப் பணக்காரத் தங்கை. விடியலுக்கு முன் அதில் இரண்டு கரண்டி சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். சலேவில் இதையெல்லாம் நோன்புக்கு முந்தைய வாரங்களில் அக்கா தங்கை, நாத்தனார், அண்டைவீட்டுப் பெண்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து செய்வார்களாம். பாட்டு, சிரிப்பு, புறணி எல்லாம் உண்டு. ரெவியரில் அந்தம்மா தனியாகச் செய்தார். வேலை முடிந்து வந்து, சனி ஞாயிறு நள்ளிரவு வரைக்கும். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து, சலேவில் இருக்கும் தங்கையுடன் பேசிக்கொண்டே மடிப்பார். “இங்கே கடையில் விற்கிறார்களே, வாங்கினால் என்ன?” என்று கேட்டேன். “வாங்கலாம் கால்தி. ஆனால் வீட்டில் அந்த வாசனை வராதே” என்றார்.

நோன்பு என்றால் பசி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது ஒருத்தியின் உழைப்பு என்று இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். தானும் பட்டினி கிடந்துகொண்டு, உப்பைக்கூட ருசிபார்க்காமல், கையளவில் ஐந்து பேருக்குச் சமைக்கிறார். மற்ற நான்கு பேருக்கும் ஐந்தாவதாக எனக்கும். கணவர் பாத்திரம் கழுவுவார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன். மொராக்கோக்காரர்கள் அமெரிக்காவுக்கு எப்போது வந்தார்கள்? பெயர் தெரிந்த முதல் ஆள் ஓர் அடிமை. அஸெமூர் என்ற மொராக்கோத் துறைமுகத்து மனிதர். ஸ்பானியர்கள் எஸ்தெவானிக்கோ என்று பெயர் வைத்தார்கள். 1528-ல் ஃப்ளோரிடாக் கரையில் ஸ்பானியப் படையோடு இறங்கினார். உள்நாட்டுக்குள் நடந்த சுமார் முந்நூறு பேரில் கடைசிவரை உயிர் பிழைத்தவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் இவர் ஒருவர். கண்டத்தின் குறுக்கே நடந்தே 1536-ல் மெக்சிகோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மொழி கற்றுக்கொள்வதிலும் பூர்வகுடிகளோடு பேசுவதிலும் அவர் கெட்டிக்காரர். ஆனாலும் அடிமை அடிமைதான். 1539-ல், இன்றைய நியூ மெக்சிகோவில் ஸூனி மக்களின் ஊர் அருகே கொல்லப்பட்டார். மே ஃப்ளவர் கப்பல் வந்தது 1620-ல் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது அரசாங்கங்களின் கதை. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து ஒன்றரை ஆண்டுகூட முடியவில்லை. 1777 டிசம்பரில் மொராக்கோ சுல்தான் மூன்றாம் முகமது தன் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். பிலடெல்பியாக்காரர்களுக்கு அப்போது போரே பெரிய கவலை, பதில் சொல்லத் தாமதித்தார்கள். பொறுத்துப் பார்த்த சுல்தான் 1784-ல் பெட்சி என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து வைத்தார். வீட்டுப்பாடம் கொண்டுவராத பையனின் பையைப் பிடுங்கி மேசைமேல் வைப்போமே, அந்த மாதிரி. கொள்ளையடிக்கவில்லை, ஆட்களையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1786-ல் நட்பு ஒப்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்காவின் ஒப்பந்தங்களில் இன்றுவரை முறியாமல் நீண்டகாலமாக நிற்பது அதுதான்.

நோன்போடு நேராகத் தொடர்புள்ள ஒன்று 1805-ல் நடந்தது. மொராக்கோக்காரர் இல்லை, பக்கத்துத் துனீசியாவின் தூதர். டிசம்பர் 9 அன்று ஜனாதிபதி ஜெஃபர்சன் அவரை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தார். அக்காலத்து வழக்கப்படி விருந்து மாலை மூன்றரைக்கு. நோன்பு மாதம் என்று தெரிந்ததும் நேரத்தைச் சூரியன் மறையும் வேளைக்கு மாற்றினார்கள். அதே ஜெஃபர்சனின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அந்த நாட்டுக்குப் பிடித்துவரப்பட்ட அடிமைகளில் முஸ்லிம்களும் உண்டு. அவர்களுக்காக எந்தப் பண்ணையில் எவர் சாப்பாட்டு நேரத்தை மாற்றியிருப்பார்?

இவ்வளவு பழைய உறவு இருந்தும் குடும்பம் குடும்பமாக மொராக்கோக்காரர்கள் வந்தது நம் காலத்தில்தான். 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியது. 1990-ல் போட்ட இன்னொரு சட்டம், குறைவாக ஆட்கள் வந்த நாடுகளுக்கென்று குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 55,000 விசா வரை ஒதுக்கியது. பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் மனுப்போடலாம். கீழ் வீட்டுக்காரர் அந்தக் குலுக்கலில் வந்தவர்தான். “எங்கள் தெருவில் ஆளாளுக்கு எழுதிப்போட்டோம். எனக்கு விழுந்தது. என்னைவிட நன்றாகப் படித்தவனுக்கு விழவில்லை” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தம்மாவின் தம்பி படிக்க வந்தவர், மாணவர் விசா. 2001-க்குப் பிறகு அமெரிக்கா ஒரு சிறப்புப் பதிவு முறை கொண்டுவந்தது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட, குறிப்பிட்ட நாடுகளைச் சேர்ந்த ஆண்கள், நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்கள், நேரில் போய்க் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். மொராக்கோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவர்களுக்குப் பதிவு தொடங்கிய நாள் 2002 டிசம்பர் 2. அது நோன்பின் கடைசி வாரம். தம்பி பையில் மூன்று பேரீச்சம்பழத்தோடு வரிசைக்குப் போனார். ராத்திரி திரும்பி வந்தபோது பழம் மூன்றும் பையிலேயே இருந்தன. அக்கா சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை. படிப்பை முடித்ததும் ஊரோடு போய்விட்டார். அந்தப் பதிவு முறையை 2011-ல் நிறுத்தி, 2016 டிசம்பரில் சட்டப் புத்தகத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். போனவர் போனவர்தான். சர்க்கரை டப்பாமேல் சாய்த்த போனில் சில நாள் அவர் முகமும் தெரியும். நல்ல சிரித்த முகம்.

இபின் பதூதாவை மறந்திருக்க மாட்டீர்கள். ஏழாம் வகுப்பில் ‘மொராக்கோ நாட்டுப் பயணி’ என்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்யவைத்தேன். தாஞ்சியரில் பிறந்து 1325-ல், இருபத்தொரு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பியவர். டெல்லியில் இருந்தபோது அவர் மணந்துகொண்ட பெண்களில் ஒருவர், மதுரையில் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அசன்ஷாவின் மகள். பிறகு மதுரைக்கே வந்து, கொள்ளைநோயில் ஊரே மாண்டுகொண்டிருந்ததை எழுதிவைத்தவர். இதைக் கீழ் வீட்டம்மாவிடம் சொன்னேன். “எங்கள் ஊர் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான்” என்றார் தாஞ்சியர்க்காரரான கணவர். “உங்கள் ஊர்க்காரர் எங்கள் மதுரைக்கு மருமகன்” என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மரியாதை ஒருபடி கூடிவிட்டது, சம்பந்தி வீடாயிற்றே!

இப்போது அந்தப் பையனைப் பற்றி. எட்டாம் வகுப்பு. பள்ளியில் மதிய உணவு நேரம் வந்தால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்துகொள்வானாம். நோன்பு தொடங்குமுன் தாயார் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்: மகன் நோன்பிருக்கிறான், உடற்பயிற்சி வகுப்பில் ஓடவைக்க வேண்டாம். ஆசிரியர் பதில் எழுதினார். அந்தம்மா அதை என்னிடம் காட்டினார். நான்கு வரிதான். ஓட வேண்டியதில்லை, விரும்பினால் ஓட்டத்துக்கு நேரம் குறிக்கும் வேலையை அவன் பார்க்கலாம், வேறு ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள். இவ்வளவுதான். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தம்மாவுக்கு ஏனென்று புரியவில்லை. ஆங்கிலத்தில் சொல்ல எனக்கும் வரவில்லை. உங்களிடம் தமிழில் சொல்கிறேன்.

1992 மார்ச். உச்சி வெயில், மதியத்துக்குப் பிந்திய வகுப்பு. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் தூங்கி விழுந்தான். எழுப்பினேன். மறுபடி விழுந்தான். வெளியே போய் முகம் கழுவிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். “குடிச்சியா?” “இல்ல டீச்சர்.” “சொன்னா கேக்க மாட்டியா? என் கண் முன்னால குடி.” பானையிலிருந்து நானே டம்ளரில் மொண்டு கொடுத்தேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். குடித்தான். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஏதோ முணுமுணுத்தார்கள், நான் அதட்டினேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு நினைத்திருக்கிறேன். எப்படிச் சொல்வான்? கையில் பிரம்பு வைத்திருந்தவள் நான். அது நோன்பு மாதம் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப்போகிற பிள்ளைகளைத் தினமும் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரிந்திருந்தும் அவன் முகத்தையும் அந்தக் கஞ்சி வாளியையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகச் சொன்னாள்: “தம்பியோட முதல் நோன்பு டீச்சர் அது. வீட்டுல வந்து அழுதான். அம்மா, இன்னொரு நாள் பிடிச்சிக்கலாம்டா, டீச்சர் சொல்லைத் தட்டாம இருந்தியே, அதுவும் நல்லதுன்னு சொல்லிட்டாங்க.”

அவன் பெயரைப் போடமாட்டேன். இந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று தெரியும், பேரன் படத்துக்கு முதல் ஆளாக வாழ்த்துப் போட்டவன். தம்பி, அன்றைக்கு நான் செய்தது தப்பு. முப்பத்து மூன்று வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

அவனுக்காவது மார்ச் வெயில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. பாஸ்டனில் 2016-ல் அது ஜூன் மாதம் வந்தது. விடியலிலிருந்து அந்திவரை சுமார் பதினேழு மணி நேரம். இரவு எட்டேகாலுக்கு மேல் ஃப்தூர், அதிகாலை மூன்று மணிக்குள் ஸஹூர். இடையில் தூங்குவதா, தொழுவதா, பாத்திரம் கழுவுவதா? “அந்த வருடம் நான் பேருந்தில் நின்றுகொண்டே தூங்கினேன்” என்றார் அந்தம்மா. சலேவில் என்றால் நோன்பு மாதத்தில் அலுவலகங்களின் நேரத்தையே மாற்றிவிடுவார்கள், ஊரே அந்தியில் விழிக்கும். விடியலுக்கு முன் நஃபார் என்ற ஆள் நீளக் குழல் ஊதித் தெருத்தெருவாக எழுப்பிப்போவார், அந்தியில் சங்கு ஊதும். ரெவியரில் போன் கூவுகிறது. தெருவில் வேறு யாருக்கும் அது தெரியாது. கணவருக்கு மாலைப் பணி இருந்தால் ரயிலிலேயே சூரியன் விழுந்துவிடும். சட்டைப்பையில் இருக்கும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வார். வீட்டிலும் மூவரும் ஒரு பழமும் ஒரு வாய்ப் பாலும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஹரீராவை மூடிவைத்துக் காத்திருப்பார்கள். படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டதும் மூடி திறக்கும்.

மார்ச் 26, இருபத்தேழாம் இரவு. குர்ஆன் அருளப்பட்ட இரவாக அவர்கள் போற்றுவது. மொராக்கோவில் அன்றைக்குப் பிள்ளைகளை முதல் நோன்பு பிடிக்கவைத்துக் கொண்டாடுவார்கள். சின்னப் பெண்களுக்குக் கஃப்தான் உடுத்தி, மருதாணி இட்டு, மணப்பெண் போல உட்காரவைத்துப் படம் எடுப்பார்களாம், நம் காதணி விழா மாதிரி. சில ஊர்களில் பிள்ளையை ஏணியில் ஏற்றி, உயரத்தில் நிற்கவைத்து நோன்பு திறக்கச் செய்வார்கள். கீழ் வீட்டுச் சின்னவளுக்கு அதுதான் முதல் நோன்பு. மதியம் மூன்று மணிக்கு மேல் படியேறி என்னிடம் வந்து, “கால்தி, இன்னும் எத்தனை நிமிடம்?” என்று பத்து முறை கேட்டாள். ஏணிக்கு எங்கே போவது? சமையலறை முக்காலியைக் கூடத்தில் போட்டார்கள். பச்சைக் கஃப்தானில் அதன்மேல் ஏறி நின்றாள். போன் கூவியது. தாயார் பாலை நீட்டினார். அப்பா பேரீச்சம்பழம் ஊட்டினார். இன்னொரு போனில் சலேவிலிருந்து பாட்டி, சித்தி, மாமா எல்லோரும். அங்கே அப்போது இரவு பதினொரு மணி. பாட்டி வாயில் விரலை வைத்துக் குலவை போட்டார் பாருங்கள், எங்கள் வீட்டுத் தொட்டிலில் பேரன் விழித்துக்கொண்டான். நம் ஊர்க் குலவைதான் அது, அதே குலவை!

மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பெருநாள். எங்களுக்கு என்றே எழுதிவிட்டேன், இருக்கட்டும். காலை பத்து மணிக்குக் கீழே அழைத்தார்கள். புதுச்சட்டை, தேன் ஒழுகும் அடை, புதினாத் தேநீர், அந்தம்மா நள்ளிரவு வரை மடித்த ஷெபாகியாவில் மிச்சமிருந்த கடைசித் தட்டு. மாதம் முழுக்கப் பகலில் காலியாகக் கிடந்த மேசை நிறைந்திருந்தது. அப்போது சலேவிலிருந்து போன். அந்தம்மா சட்டென்று போனைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது. அங்கே அது இன்னும் நோன்பு, பிற்பகல் இரண்டு மணி. அவர்களுக்குப் பெருநாள் மறுநாள்தான்.

போனுக்குள்ளிருந்து பாட்டி ஏதோ அதட்டினார். பையன் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தான்: “சுவரை எதுக்குக் காட்டுறே? எனக்குப் பேரப்பிள்ளைங்க சாப்பிடுறதைப் பார்க்கணும், போனைத் திருப்பு.”